கிளிவெக் முதல் செமாகுளூடைடு வரை: மருந்தின் விலை எங்கே முடிவாகிறது? – ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரையின் காப்புரிமை வழக்கு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதன் தயாரிப்பாளரான நோவார்டிஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த செய்திதான். ஆனால் அந்த வழக்கு பிறந்து வளர்ந்தது சென்னையில். விண்ணப்பம் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில், நிராகரித்ததும் அதே அலுவலகம், சட்டப்பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் ஏறியது சென்னை உயர் நீதிமன்றத்தின் படிகளில், மேல்முறையீட்டை விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும் அப்போது தலைமையகம் சென்னைதான். மருந்தின் விலை ஏன் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, இறங்கிய பிறகும் ஏன் வாங்குகிறவர் கைக்கு அந்த இறக்கம் வந்து சேர்வதில்லை என்று புரிந்துகொள்ள இந்த ஒரே ஒரு மாத்திரை போதும். அடுத்த சில வருடங்களில் சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

நான் மருந்துக் கடையில் வேலை பார்த்தவன். சட்டம் படித்தவன் இல்லை. கடைக்கு வரும் சரக்கின் பில்லையும் அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை

சிஎம்எல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்படி மாறிய சிறிய குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள், அதனால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இந்த இடமாற்றத்தால் உருவாகும் ஒரு நொதி நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும், வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகும். அந்த நொதியைப் பிடித்து நிறுத்துவதுதான் இமாடினிப். சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மான் ஆகியோரின் குழு மூலக்கூறை உருவாக்கியது. ஓரிகனில் இருந்த டாக்டர் பிரையன் டிரக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டு போயே தீருவது என்று விடாமல் நின்றார். 1996இல் சீபா-கெய்கியும் சாண்டோஸும் சேர்ந்து நோவார்டிஸ் ஆனது. 2001 மே 10 அன்று அமெரிக்காவில் இமாடினிபுக்குக் கிளிவெக் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது.

அதற்கு முன் இருந்த வழிகள், காய்ச்சலும் உடம்பு வலியும் ஆளை முடக்கிப்போடும் இன்டர்ஃபெரான் ஊசி, அல்லது பொருத்தமான கொடையாளி கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இமாடினிபில் சிகிச்சையைத் தொடங்கியவர்களை நீண்ட நாள் கண்காணித்த ஆய்வில் 10 வருடம் கழித்து சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, பெரும்பாலானவர்களுக்குத் தினமும் 400 மில்லிகிராம், அவ்வளவுதான். வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு இது ஆயுள் முழுக்க வரும் செலவு.

அப்படிப்பட்ட மருந்துக்கு இந்தியாவில் நோவார்டிஸ் வைத்த விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், 2000களின் தொடக்கத்தில். நாட்கோ, சிப்லா, ஹெட்டிரோ, ரான்பாக்ஸி மாதிரி நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்து விற்றது மாதம் 8,000 முதல் 12,000 ரூபாய்க்கு.

நோவார்டிஸ் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் இலவசத் திட்டத்தின் மூலம் இந்தியாவில் கிளிவெக் எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேருக்கு மருந்தைச் சும்மாவே கொடுத்தோம் என்று அவர்கள் வாதிட்டார்கள். பல ஆயிரம் பேர் அந்த இலவச மருந்தால் பிழைத்தார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இலவசமாகக் கொடுப்பவர் யாருக்கு, எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையில் என்பதையும் தானே முடிவு செய்கிறார். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தை ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் கட்டிவைப்பது நியாயமான ஏற்பாடு இல்லை. அந்த 95 சதவீதக் கணக்கில் வராதவர்களும் நிறைய, ஏனென்றால் ஜெனரிக்கை, அதாவது மற்ற நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்தை, காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சட்டம் எப்படி இங்கே வந்து நின்றது

1959இல் நீதிபதி ராஜகோபால அய்யங்கார் இந்தியக் காப்புரிமைச் சட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். மருந்துக்குப் பொருள் காப்புரிமை கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது அந்த அறிக்கையின் மையமான பரிந்துரை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே மருந்தை வேறு முறையில் தயாரிக்க யாருக்கும் தடை இல்லை என்று ஆனதும் இந்திய மருந்துத் தொழில் எழுந்து நின்றது.

1995இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் கதை மாறியது. ட்ரிப்ஸ் என்ற அதன் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தப்படி மருந்துக்கும் பொருள் காப்புரிமை கொடுத்தாக வேண்டும், அதற்கு 2005 வரை அவகாசம். இடைப்பட்ட காலத்தில் வரும் விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 1998இல் நோவார்டிஸ் சென்னையில் போட்ட விண்ணப்பம் அந்தப் பெட்டிக்குள்தான் போனது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. இமாடினிப் என்ற மூலக்கூறுக்கான காப்புரிமையை 1993இலேயே வெளிநாடுகளில் விண்ணப்பித்துவிட்டார்கள், அது இந்தியாவுக்குப் பொருந்தாது. 1998 விண்ணப்பம் அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு. ஏற்கெனவே தெரிந்த பொருளின் ஒரு புது வடிவம்.

பெட்டி திறக்கும் முன்பே, 2003இல், நோவார்டிஸுக்குத் தனிச் சந்தை உரிமை, அதாவது தான் மட்டுமே விற்கும் உரிமை, கிடைத்தது. அதை வைத்து ஜெனரிக் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சில நிறுவனங்களுக்குத் தடை விதித்தது, மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒரே நாட்டுக்குள் ஒரே மருந்துக்கு ஒரு நிறுவனம் விற்கலாம், இன்னொன்று விற்கக் கூடாது என்ற நிலை. மாதம் 10,000 ரூபாய்க்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்!

2005இல் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவைக் கூர்மையாக்கியது. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம், செயல்திறனில் கணிசமான மேம்பாடு காட்டினால் ஒழிய, கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு, படிகம், துகள் அளவு எல்லாமே அந்தப் பொருளாகவே கருதப்படும். ஒரு மருந்தின் காப்புரிமை முடியும் நேரத்தில் அதையே கொஞ்சம் மாற்றி இன்னொரு 20 வருடம் வாங்கும் பழக்கத்துக்குப் போட்ட பூட்டு அது. கூடவே, காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்ற வழியும் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

வழக்கு

மும்பையைச் சேர்ந்த புற்றுநோய் நோயாளிகள் உதவிச் சங்கமும் நான்கு மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்டிஸ் இரண்டு பக்கமாகப் போனது. ஒன்று, நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு. இன்னொன்று, 3(டி) பிரிவே ட்ரிப்ஸ் ஒப்பந்தத்துக்கும் அரசியல் சட்டத்தில் சமத்துவம் தரும் 14ஆம் பிரிவுக்கும் எதிரானது என்ற ரிட் மனு. வழக்கைக் கைவிடச் சொல்லி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தொடங்கிய மனுவில் உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு ரிட் மனுவைத் தள்ளுபடி செய்தது. ட்ரிப்ஸ் பற்றிய சண்டைக்கு உலக வர்த்தக அமைப்பில் தனி மன்றம் இருக்கிறது, அங்கே போங்கள். செயல்திறன் என்ற சொல் தெளிவில்லாததும் இல்லை, மருந்து என்றால் நோயைக் குணப்படுத்துவதில் அதன் திறன் என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று சொன்னது. அதோடு, குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதாகக் கிடைக்கச் செய்வது நாடாளுமன்றத்தின் நோக்கமாக இருந்தது என்பதையும் தீர்ப்பில் பதிவு செய்தார்கள்.

2009இல் மேல்முறையீட்டு வாரியம், பீட்டா படிகம் புதியதுதான், அதில் கண்டுபிடிப்புத் திறனும் இருக்கிறது, ஆனாலும் 3(டி)யைத் தாண்டவில்லை என்றது. அங்கிருந்து உச்ச நீதிமன்றம்.

நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் எழுதிய தீர்ப்பைப் பொறுமையாக வாசித்தால், விலை அதிகம் என்பதால் காப்புரிமை மறுக்கப்பட்டது என்று ஊரில் சொல்வது தவறு என்று தெரியும். அவர்கள் பிடித்த இழை வேறு. பீட்டா படிகம் நன்றாகப் பாய்கிறது, சூட்டில் நிலையாக இருக்கிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது என்று நோவார்டிஸ் சொன்னது. அதெல்லாம் தொழிற்சாலைக்கு நல்லது, நோயாளியின் குணத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டது நீதிமன்றம். உடலில் சேரும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்றார்கள். கூடியதால் சிகிச்சைப் பலன் கூடியதற்கு ஆதாரம் எங்கே? அது கொடுக்கப்படவில்லை.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. இமாடினிப் மெசிலேட் 1993ஆம் ஆண்டுக் காப்புரிமைக்குள் அடங்கவே இல்லை என்று இந்தியாவில் வாதாடிய அதே நிறுவனம், அமெரிக்காவில் அந்தப் பழைய காப்புரிமை கிளிவெக்கை உள்ளடக்கியது என்று அறிவித்து, அதன் காலத்தை நீட்டித்தும் வாங்கியிருந்தது. 2004இல் பிரிட்டனில் நாட்கோ விற்றுக்கொண்டிருந்த இமாடினிப் மெசிலேட்டை நிறுத்தச் சொல்லி அந்தப் பழைய காப்புரிமையின் பேரில்தான் வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருந்தது. நீதிமன்றம் இதையெல்லாம் எடுத்து மேசை மேல் வைத்தது. காப்புரிமை எதையெல்லாம் வளைத்துப் பிடிக்கிறதோ அதையெல்லாம் அது வெளிப்படுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிக்கும்போது அகலமாகவும் வெளிப்படுத்தும்போது குறுகலாகவும் வைத்துக்கொள்ள முடியாது என்ற கொள்கை இங்கிருந்துதான் பலம் பெற்றது. இந்த இழையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

அதே மாத்திரை, அமெரிக்காவில்

2001இல் வருடத்துக்குச் சுமார் 26,000 டாலருக்கு வந்த கிளிவெக், 2012இல் 92,000 டாலர் ஆனது. இடையில் மருந்து மாறவில்லை. ஆராய்ச்சிச் செலவு முன்பே முடிந்தது. நோயாளிகள் சாகாமல் வாழ்ந்ததால் வாங்குபவர் எண்ணிக்கை வருடா வருடம் கூடியது. வழக்கமான சந்தைக் கணக்குப்படி விலை இறங்க வேண்டிய எல்லாக் காரணமும் இருந்தும் அது மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஏனென்றால் விற்பவர் ஒருவர், விலையைக் கேட்டு மறுக்க முடியாத நிலையில் வாங்குபவர். 2012இல் மட்டும் இதன் உலக விற்பனை 460 கோடி டாலரைத் தாண்டியது. 2013இல் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து, இந்த விலைகள் தாங்க முடியாதவை என்று ஒரு மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுதினார்கள். தங்கள் துறைக்கு நிதி கொடுக்கும் நிறுவனங்களையே எதிர்த்து டாக்டர்கள் அப்படிக் கூட்டாகப் பேசுவது அபூர்வம், அதனால் அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

2016 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதல் ஜெனரிக் வந்தது. கொண்டுவந்தது நம் ஊர் சன் பார்மா. அப்படியும் விலை உடனே சரியவில்லை. முதல் ஜெனரிக்குக்கு அங்கே 180 நாள் தனி உரிமை, அப்புறமும் இடைத்தரகு நிறுவனங்கள், காப்பீட்டு ஒப்பந்தங்கள் என்று அடுக்கடுக்காக இருந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் பலர் இறங்கியதால் விலை பத்தில் ஒரு பங்கானது. அங்கே கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் கியூபன் தொடங்கிய காஸ்ட் பிளஸ் என்ற இணைய மருந்தகம் ஒரு மாத இமாடினிபை 47 டாலருக்குப் பட்டியலிட்டது. அப்போது கடையில் சொல்லப்பட்ட விலை 9,657 டாலர். அடக்க விலை, மேலே 15 சதவீதம், மருந்தகக் கட்டணம், அனுப்பும் செலவு, இதுதான் அவர்கள் கணக்கு. இமாடினிபைத் தயாரித்து நியாயமான லாபத்தோடு விற்க வருடத்துக்கே 128 முதல் 216 டாலர் போதும் என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015இல் கணக்குப் போட்டிருந்தார்கள்.

தீர்ப்பு முடிந்த இடத்தில் கடை தொடங்குகிறது

இந்தியாவில் வழக்கு ஜெயித்தது, பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, அப்புறம் என்ன கவலை? கவலை கவுண்டரில் இருக்கிறது.

மருத்துவர் சீட்டில் எழுதுவது பிராண்ட் பெயர். கடைக்காரர் அதை மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை. "அண்ணே, இதே மருந்து வேற கம்பெனில கொறஞ்ச வெலைக்கு இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டால், "இருக்குமா, ஆனா டாக்டர் எழுதினதத்தான் நான் குடுக்கணும், அவர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றுதான் சொல்ல முடியும். அந்த அம்மா திரும்ப டாக்டரைப் பார்க்க இன்னொரு டோக்கன் போட வேண்டும், பாதி நாள் கூலி போகும். சீட்டில் இருப்பதையே வாங்கிக்கொண்டு போவார்.

அட்டையைத் திருப்பினால் எம்ஆர்பி. கடைக்கு வந்த பில்லில் அதே அட்டையின் கொள்முதல் விலை. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்தில் கடைக்காரருக்கு 16 சதவீதம், ஸ்டாக்கிஸ்ட் எனும் மொத்த வியாபாரிக்கு 8 சதவீதம் என்பது கணக்கு. கட்டுப்பாட்டில் இல்லாத மருந்தில், முக்கியமாக ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மருந்தகத்துக்குப் போகும் புற்றுநோய் மருந்துகளில், இந்த இடைவெளி எங்கேயோ இருந்தது. 2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை லாபம் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. அதன் பிறகு 500க்கும் மேற்பட்ட பிராண்டுகளின் எம்ஆர்பி இறங்கியது, சிலவற்றில் 90 சதவீதம் வரை. எர்லோடினிப் 150 மில்லிகிராம் பிராண்ட் ஒன்று 9,999 ரூபாயிலிருந்து 892 ரூபாய்க்கு வந்தது. தயாரிப்பாளர் யாரும் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. அப்படியென்றால் அத்தனை நாள் அந்த 9,000 ரூபாய் யாருக்குப் போனது? காப்புரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போட்டி இருந்தது, ஆனால் அந்தப் போட்டி ஆஸ்பத்திரிக்கு யார் அதிக லாபம் தருவது என்பதில் நடந்தது. வாங்குபவர் விலை பார்த்துத் தேர்ந்தெடுக்காத சந்தையில் போட்டி தலைகீழாக ஓடும்.

அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. அதைக் கணக்கிடும் முறை 2013இல் மாறியது. அதற்கு முன் அடக்க விலையை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகள் கடைக்குக் கொடுக்கும் விலையின் சராசரியோடு 16 சதவீதம். ஏற்கெனவே அதிக விலை வைத்திருக்கும் பெரிய பிராண்டுகளும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடுவதால் உச்ச விலையே உயரத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய நிறுவனம், மாநிலம் முழுக்கத் தேவையான மருந்தை ஒரே டெண்டரில் பொதுப்பெயரில் வாங்கி, பரிசோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ராஜஸ்தானும் கேரளமும் பார்த்துப் பின்பற்றிய முறை இது. அங்கே வாங்குபவர் விலை பார்த்து வாங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் சீட்டில் பிராண்ட் பெயர் எழுதப்படும் வரை அங்கே வந்து கேட்பவர் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருக்கும் என்பதே என் பயம்.

வருடாந்தர ஏற்றத்தையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஏப்ரலில் ஏற்ற அனுமதி: 2022இல் 10.77 சதவீதம், 2023இல் 12.12, 2024இல் கிட்டத்தட்ட சுழியம், 2025இல் 1.74. பட்டியலில் இல்லாதவற்றுக்கு வருடம் 10 சதவீதம் வரை யாரையும் கேட்காமல் ஏற்றலாம், அறிமுக விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். 

விலை இறங்குவது எல்லா நேரத்திலும் நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனநோய்க்கான லித்தியம், பென்சிலின் உட்பட 8 மருந்துகளுக்கு உச்ச விலையை விலை நிர்ணய ஆணையமே 50 சதவீதம் ஏற்றியது, கட்டுப்படியாகவில்லை என்று தயாரிப்பாளர்கள் விலகத் தொடங்கியதால். மூலப்பொருளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வரும்வரை அங்கே விலை ஏறினால் இங்கே மாத்திரை நின்றுபோகும். 2022 கடைசியில் அகமதாபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரச்சினை வந்ததும் 2023இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற மலிவான புற்றுநோய் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கடைசிப் பைசா வரை பிழிந்த சந்தையில் தயாரிப்பவர் ஒன்றிரண்டு பேராகச் சுருங்கிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கிளிவெக்கின் பேரப்பிள்ளைகள்

மேலே நினைவில் வைக்கச் சொன்ன இழை இங்கே வருகிறது.

ரிஸ்டிப்ளாம், முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான மருந்து. ரோஷ் நிறுவனத்தின் பாட்டில் ஒன்று சுமார் 6.2 லட்சம் ரூபாய். முதலில் வாங்கிய அகலமான காப்புரிமையிலேயே இந்த மூலக்கூறு அடங்கிவிட்டது, அதிலிருந்து இங்கே வருவது துறை அறிந்தவருக்கு வெளிப்படையான அடுத்த படிதான் என்று நாட்கோ வாதிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதிக்க மறுத்தார், அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது, அதே மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. குழந்தையின் உடல் எடைக்கு ஏற்ப மாதத்துக்கு எத்தனை பாட்டில் என்று எண்ணிக்கொண்டிருந்த பெற்றோருக்கு இந்த ஒரு எண் எவ்வளவு பெரிய விஷயம்!

காசநோய் மருந்து பெடாகுயிலின் கதையும் இதே குடும்பம்தான். அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட நீட்டிப்பை 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. எதிர்த்து மனு போட்டவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும். இருவருமே பழைய காசநோய் மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். அந்த வருடக் கடைசிக்குள் உலகளாவிய கொள்முதலில் 6 மாத சிகிச்சையின் விலை 130 டாலருக்கு இறங்கியது, பழைய விலையில் பாதிக்கும் குறைவு.

இன்னொரு வழியும் சட்டத்தில் உண்டு, கட்டாய உரிமம். காப்புரிமை இருக்கும்போதே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதிப்பது. 2012 மார்ச்சில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கொடுத்தார்கள், மாதம் 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயானது. அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அரசின் கையில் இருக்கும் ஆயுதத்தை அரசே மறந்துவிட்டது என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

இனி

அடுத்த பெரிய சோதனை செமாகுளூடைடு. வாரம் ஒரு ஊசி, சர்க்கரைக்கும் உடல் எடைக்கும். இந்தியாவில் அடிப்படைக் காப்புரிமை 2024இலேயே முடிந்தது, இரண்டாவது காப்புரிமைக்கு 2026 மார்ச்சோடு காலாவதி. முதல் காப்புரிமையில் அடங்கிய ஒன்றுக்கு இரண்டாவது எப்படி என்ற அதே கேள்வி இங்கேயும் எழுந்தது. 2025 டிசம்பரில் டாக்டர் ரெட்டீஸ் ஏற்றுமதிக்குத் தயாரிப்பதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. மூல நிறுவனமான நோவோ நார்டிஸ்க் 2025 ஜூனில் உடல் எடைக்கான தன் செமாகுளூடைடு பிராண்ட் வெகோவியை மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி இந்தியாவில் இறக்கியது, நவம்பரிலேயே 37 சதவீதம் வரை குறைத்தது. ஜெனரிக் வரும் சத்தம் கேட்டாலே விலை இறங்கும் என்பதற்கு இது சாட்சி. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனியும் சும்மா இருக்காது.

ஆனால் இமாடினிப் மாதிரி ஒரே மூச்சில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை அச்சடிப்பது வேறு, பெப்டைடு என்ற சிறு புரதத்தைத் தயாரித்து, ஊசிப் பேனாவில் அடைத்து, குளிர்பதனத்தில் கடை வரை கொண்டுவருவது வேறு. மருந்தைவிடப் பேனாவின் செலவே பெரிதாக நிற்கும். இது அத்தியாவசியப் பட்டியலில் இல்லை என்பதால் உச்ச விலையும் கிடையாது. அறிமுக நாளில் எந்த எம்ஆர்பி அச்சாகிறதோ அதுதான் அடுத்த பல வருடங்களுக்கு அடித்தளம், அதன்மேல் வருடம் 10 சதவீதம். முதல் சில மாதங்களில் பலர் ஒரே நேரத்தில் இறங்குவதால் கடும் போட்டி, அப்புறம் நாலைந்து பெரிய பிராண்டுகள் மருத்துவர்களைப் பிடித்துக்கொண்டு நிலைத்துவிடும் என்பது என் கணிப்பு.

உயிருள்ள செல்களை வைத்துத் தயாரிக்கும் உயிரியல் மருந்துகளில் இறக்கம் இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசூமாப் ஊசியின் இந்திய நகல் 2014இல் வந்தபோது 440 மில்லிகிராம் 57,500 ரூபாய், மூலப் பிராண்டைவிடச் சுமார் 25 சதவீதம்தான் குறைவு. அதையும் நம்மில் பலரால் எட்ட முடியவில்லை. புதிய புற்றுநோய் மருந்துகளில் பல இந்த வகைக்கு நகர்ந்துவிட்டதால், வரும் பத்து வருடங்களில் காப்புரிமை முடிந்தாலே போதும் என்ற பழைய நம்பிக்கை பலிக்காது. பரிசோதனை விதிகளை எளிமையாக்கி அதிகத் தயாரிப்பாளர்களை உள்ளே விட்டால்தான் இறங்கும்.

வெளியிலிருந்து இரண்டு அழுத்தம் வருகிறது. அமெரிக்கா தன் மருந்து விலையை மற்றப் பணக்கார நாடுகளின் விலையோடு இணைக்க 2025 மே மாதம் முதல் நிறுவனங்களை நெருக்குகிறது. நிறுவனங்கள் அங்கே விடுவதை வேறு நாடுகளில் பிடிக்கப் பார்ப்பார்கள். இன்னொன்று, வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளில் மூல நிறுவனத்தின் மருந்துச் சோதனைத் தரவை மற்றவர்கள் சில வருடம் பயன்படுத்த முடியாதபடி தனி உரிமை கேட்பது. அது வந்தால் காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் ஜெனரிக் சில வருடம் காத்திருக்க வேண்டும், 3(டி) இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போகும்.

உள்ளூரில் நடந்த மாற்றம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது, அது செய்தியாகவே ஆகவில்லை. 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகளைத் திருத்தினார்கள். காப்புரிமை வாங்கியவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று வருடா வருடம் கொடுக்க வேண்டிய அறிக்கை இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை. கட்டாய உரிமம் கேட்பவருக்கு அந்த அறிக்கைதான் முக்கியமான ஆதாரம். காப்புரிமை வழங்கும் முன் எதிர்ப்பு மனு போட இப்போது கட்டணம் உண்டு, மனு விசாரணைக்கு ஏற்றதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார். இமாடினிபில் ஒரு நோயாளிகள் சங்கமும், பெடாகுயிலினில் நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்களும் நுழைந்த கதவு அது. 42 மருந்துகளுக்குப் போட்ட 30 சதவீத லாப வரம்பை மற்ற மருந்துகளுக்கும் விரிக்கும் யோசனை பேச்சளவிலேயே இருக்கிறது. இந்த விதித் திருத்தத்தைத் திரும்பப் பெறவும், லாப வரம்பை ஆஸ்பத்திரி மருந்தகங்கள் விற்கும் எல்லா மருந்துக்கும் கொண்டுவரவும் நம் எம்பிக்களிடம் கேட்க வேண்டும். செமாகுளூடைடு அட்டைகளில் எம்ஆர்பி அச்சாகி நிலைத்துவிடும் முன்பே கேட்க வேண்டும்.